கண்ணாற் கற்ற தொழில்

ஒரு தொழிலைச் செய்யத் தெரிந்தவர் வேறு. அதனைப் பிறருக்கு எடுத்துச் சொல்லத் தெரிந்தவர் வேறு. இவ்விரு வன்மையும் ஒருவரிடத்தே அமைவது அரிது. நாற்பது ஆண்டு தச்சுத் தொழிலிற் பழகிய ஓர் ஆசாரியாரை அணுகி, "உளியை எவ்வாறு பிடிப்பது?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் உளியை எடுத்துப் பிடித்துக் காட்டுவாரேயன்றிச் சொற்களால் விளக்க முற்படமாட்டார். அவர் அறிவு அவர் கைகளிலே குடிகொண்டிருக்கின்றது. அது நாவுக்கு எளிதில் வருவதில்லை.

இதனாலேயே தொழில் கற்போர் குருவின் பக்கத்தில் இருந்து, பார்த்துப் பழகி வந்தனர். ஆயின், குரு ஒருவர், மாணாக்கர் ஆயிரவர் என்றால் என் செய்வது? குரு ஓர் ஊரிலும் மாணாக்கர் கடல் கடந்த நாட்டிலும் இருந்தால் என் செய்வது? குரு இறந்துபட்டால் அவர் கையறிவும் அவருடனே மறைந்துபோதல் வேண்டுமா? இந்த வினாக்களுக்கு விடை தேடிப் புறப்பட்ட மனிதர் கண்ட கருவியே படம். மரத்திற் செதுக்கிய படம், செப்புத் தகட்டிற் பொறித்த படம், பின்னர் அசையும் படம் என அது தொழிற்களத்தினுட் புகுந்த வரலாற்றையும், அது எங்கே வென்றது, எங்கே தவறியது என்பதையும் இன்று சிறிது ஆராய்வோம். கண்ணுக்குரிய பொருளைச் செவிக்கு மட்டும் எட்டும் வானொலியிற் பேசுவது சற்று விநோதமே. படத்துக்கும் சொல்லின் துணை வேண்டும் என்பதற்கு இப்பேச்சே ஒரு சான்றாக இருக்கட்டும்.

இற்றைக்கு ஏறக்குறைய நானூற்று எழுபது ஆண்டுகளுக்கு முன் ஜெர்மன் நாட்டிலே கியோர்க் அகிரிக்கோலா என்னும் மருத்துவர் ஒருவர் வாழ்ந்தார். வெள்ளிச் சுரங்கங்கள் நிறைந்த யோவாக்கிம்ஸ்தால் என்ற ஊரிலே அவர் வைத்தியராகப் பணிபுரிந்தார். சுரங்கத் தொழிலாளரின் நோய்களைக் கவனிக்கச் சென்றவர் அவர்களின் தொழிலையே ஆழ்ந்து கற்கத் தலைப்பட்டார். அதன் பயனாகச் சுரங்கத் தொழிலைப் பற்றி இலத்தீன் மொழியிற் பன்னிரண்டு பாகங்கள் கொண்ட ஒரு பெருநூலை இயற்றினார். தாம் விவரித்த கருவிகளையும் பாத்திரங்களையும் உலைகளையும் சொற்களால் மட்டும் சொன்னால், தம் காலத்தவர் பொருள் விளங்காது மயங்குவர், பின்வருவோர் இடர்ப்படுவர் என்று அஞ்சி, தம் செலவிலேயே ஓவியரை அமர்த்திப் படங்கள் வரைவித்தார். அவற்றை மரத்திற் செதுக்கி ஆயத்தஞ் செய்வதற்கே சில ஆண்டுகள் சென்றன. 1556ஆம் ஆண்டில் பேசல் நகரத்தில் நூல் அச்சாகி வெளிவந்தபோது அதனைக் காண ஆசிரியர் உயிருடன் இல்லை. அவர் முந்திய ஆண்டே காலமாகிவிட்டார்.

அந்நூலின் படங்களிலே ஒரு சிறப்பு உண்டு. நீர் இறைக்கும் பொறியாயினும், காற்றூட்டும் துருத்தியாயினும், ஒவ்வோர் உறுப்புக்கும் அருகில் ஓர் எழுத்துப் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வெழுத்து எதனைக் குறிக்கின்றது என்பது படத்துடனே தரப்பட்டிருக்கும். மண்ணுக்குள் மறைந்திருக்கும் பாகத்தை, மலையை வெட்டித் திறந்துவைத்தாற் போல ஓவியர் காட்டியிருப்பர். கண்ணாற் காண இயலாததையும் காணச் செய்வது படத்தின் ஆற்றல் என்பதை அகிரிக்கோலா நன்கு உணர்ந்திருந்தார். இதனை வெறும் நூலழகுக்காக அவர் செய்தாரல்லர். கார்பாதிய மலைச் சுரங்கப் பகுதிகளிலே, கணவர் எழுவரை ஒருவர்பின் ஒருவராக நெஞ்சு நோய்க்குப் பறிகொடுத்த பெண்கள் இருந்தனர் என்று அவரே எழுதுகின்றார். சுரங்கத் தூசு நுரையீரலைத் தின்றமையே அதற்குக் காரணம். காற்றோட்டப் பொறியை ஒருவன் சரியாக அமைக்கக் கற்றுக்கொள்வது அங்கே உயிர் காக்கும் கல்வியாயிற்று. இந்நூல் பல தலைமுறைகளுக்குச் சுரங்கத் தொழிலின் கைந்நூலாக விளங்கிற்று. 1912ஆம் ஆண்டில் இதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்கள் ஹேபட் ஹூவரும் அவர் மனைவி லூ ஹென்றி ஹூவரும் ஆவர். அந்தச் சுரங்கப் பொறியியலாளர் 1929இல் அமெரிக்க ஜனாதிபதியானார்.

அகிரிக்கோலாவுக்கு இருநூறு ஆண்டுகளின் பின் பிரான்சு நாட்டிலே தெனி டிடறோ என்பவர் இன்னும் பெரிய முயற்சி ஒன்றில் இறங்கினார். இவர் லாங்கிரே என்ற ஊரிலே கத்தி செய்து வாழ்ந்த ஒரு கம்மாளரின் மகன். மனித அறிவு அனைத்தையும் திரட்டிக் கலைக்களஞ்சியம் ஒன்று இயற்ற முற்பட்டபோது, அரசரின் வரலாற்றுக்கும் சமயத் தத்துவத்துக்கும் பக்கத்திலே, கொல்லன், நெசவாளன், கண்ணாடி ஊதுபவன் ஆகியோரின் தொழிலுக்கும் அவர் இடம் கொடுத்தார். இது அக்காலத்தில் ஒரு புரட்சி எனலாம்.

தொழில்களைப் பற்றி எழுதுவதற்காகப் பட்டறைகளுக்கே சென்று தொழிலாளரை வினவிய டிடறோவும் துணைவரும் ஓர் உண்மையைக் கண்டனர். ஆயிரம் தொழிலாளருள், தாம் செய்வதைத் தெளிவாக விளக்க வல்லவர் ஒரு பன்னிருவர் கூடக் கிடைப்பது அரிதாயிருந்தது. ஆகவே, சொல்லால் முடியாததைப் படத்தால் முடிக்கத் துணிந்தனர். 1751 தொடக்கம் 1765 வரை பதினேழு தொகுதிகளாக எழுத்துப் பகுதி வெளிவந்தது. 1762 முதல் 1772 வரை பதினொரு தொகுதிகள் படங்களுக்கென்றே வெளியாயின. அவற்றில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட படத் தகடுகள் அடங்கியிருந்தன. அவற்றுள் தொளாயிரத்துக்கு மேற்பட்டவற்றை வரைந்தவர் லூயி ஜாக் கூசியே என்னும் ஓவியர் ஒருவரே.

இப்படங்களுட் பலவற்றின் அமைப்பு ஒரே தன்மையது. மேற்பகுதியிலே பட்டறை முழுவதும் காணப்படும்; தொழிலாளர் ஒவ்வொருவரும் தத்தம் வேலையில் ஈடுபட்டிருப்பர். கீழ்ப்பகுதியிலே அவர்கள் கையாளும் கருவிகள் தனித்தனியே பெரிதாக வரையப்பட்டிருக்கும். முதலில் முழுமை, பின்னர் உறுப்பு என்னும் இந்த ஒழுங்கு கற்பிப்போர் இன்றும் மறவாது பின்பற்றத்தக்கது. சாதாரண குண்டூசி செய்வதிலும் பதினெட்டு வேலைகள் உண்டு என்று அக்கலைக்களஞ்சியம் விளக்கியது. 1776இல் ஆதம் சிமித் தம் பொருளியல் நூலைத் தொடங்குங்கால் அதே குண்டூசித் தொழிலையும் அதே பதினெட்டு வேலைகளையுமே எடுத்துக்காட்டாகக் கொண்டார்.

ஆயின் ஒரு குறையையும் நாம் சொல்லுதல் வேண்டும். அப்படங்களிலுள்ள பட்டறைகள் மிகத் துப்புரவானவை. அங்கே புகையில்லை, வியர்வையில்லை, களைப்பில்லை. தொழிலின் முறையைக் காட்டிய படம் தொழிலாளியின் துன்பத்தைக் காட்டவில்லை. எதனைக் காட்டுவது, எதனை விடுவது என்று தீர்மானிப்பவர் படம் வரைபவரே என்பதை இங்கே நினைவிற் கொள்வோம்.

இனி அசையும் படத்துக்கு வருவோம். அமெரிக்காவிலே 1885ஆம் ஆண்டு, பதினேழு வயதான பிராங்க் கில்பிறெத் என்ற இளைஞன் மேசன் தொழில் பயிலச் சேர்ந்தான். மேசன்மார் தனக்குக் கற்பிக்கும்போது ஒரு புதுமையை அவன் கவனித்தான். ஒரே மேசன் விரைந்து கட்டும்போது ஒரு விதமாகக் கையை அசைத்தார். ஆறுதலாகக் கட்டும்போது வேறு விதமாக அசைத்தார். மாணாக்கனுக்குக் காட்டும்போதோ மூன்றாவது விதமாக அசைத்தார். தாம் செய்வது ஒன்று, காட்டிக்கொடுப்பது ஒன்று என்பதை அவரே அறியவில்லை! எந்த அசைவு உண்மையில் நல்ல அசைவு? இந்த வினா கில்பிறெத்தின் வாழ்நாள் ஆராய்ச்சியாயிற்று.

ஒரு செங்கல்லை வைப்பதற்கு மேசன் பதினெட்டு அசைவுகள் செய்வதை அவர் எண்ணிக் கண்டார். ஒவ்வொரு கல்லுக்கும் தரைவரை குனிந்து நிமிர்வதே பெரும் வீண்செயல் என உணர்ந்து, கல்லும் சாந்தும் இடுப்பளவு உயரத்திற் கிடைக்குமாறு சாரத்தை மாற்றி அமைத்தார். அசைவுகள் ஐந்தளவிற் குறைந்தன. மணிக்கு 120 கல் வைத்தவர் 350 கல் வைக்கலாயினர். 1912ஆம் ஆண்டு முதல் அவர் தொழிற்சாலைக்குள்ளே சலனப்படக் கருவியைக் கொண்டு சென்றார். நிமிடத்தை மிக நுண்ணிய பகுதிகளாகப் பிரித்துக் காட்டும் கடிகாரம் ஒன்றைத் தொழிலாளியின் அருகே வைத்துப் படம் பிடித்தார். விரலிலே சிறு மின்விளக்கைக் கட்டி, இருளில் அது செல்லும் வழியை ஒளிக்கோடாகப் பதிவு செய்தார். அக்கோட்டைக் கம்பியால் வளைத்து உருவமாக்கித் தொழிலாளர் கையிலே கொடுத்தார். தன் கையின் வழியைத் தானே தொட்டுப் பார்க்க மனிதனுக்கு வாய்ப்புக் கிட்டியது.

இம்முயற்சியைத் தொழிலாளர் யாவரும் வரவேற்றனர் என்று எண்ணிவிடலாகாது. நிறுத்தற் கடிகாரத்தைக் கையில் ஏந்தி வேலையை அளந்த பிறெடரிக் டெய்லர் என்பவரின் முறைக்கு எதிராக, 1911ஆம் ஆண்டிலே வாட்டர்டவுன் படைக்கலச் சாலையின் வார்ப்புத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்திருந்தனர். "எங்களைக் கற்பிக்க அளக்கின்றீர்களா, கசக்கிப் பிழிய அளக்கின்றீர்களா?" என்ற ஐயம் அவர்கள் உள்ளத்திலே வேரூன்றியிருந்தது. அந்த ஐயம் நியாயமானதே. கடிகாரத்தை ஏந்தும் கையிலேயே சலனப்படக் கருவியும் இருக்கலாம் அல்லவா? கில்பிறெத்தின் மனைவி லிலியன் அம்மையார் உளவியல் அறிஞர். மனிதனை மறந்து அசைவை மட்டும் நோக்கினால் முயற்சி பயன் தராது என்பதை அவர் வலியுறுத்தினார். களைப்பைக் குறைப்பதும், ஓய்வுக்கு இருக்கை அளிப்பதும், தொழிலாளியின் யோசனையைக் கேட்பதும் ஆராய்ச்சியின் பகுதிகளாயின. 1924இல் கணவர் காலமான பின்னரும் அம்மையார் அப்பணியைத் தொடர்ந்தார். 1935இல் பேர்டியூ பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார்.

இரண்டாம் உலகப்போர் இக்கலைக்குப் பெருஞ்சோதனையாய் வந்தது. கடைசல் இயந்திரத்தைக் கண்ணாலும் கண்டிராத கமக்காரரும், வீட்டுக்கு வெளியே வேலை செய்தறியாத பெண்களும் இலட்சக்கணக்கில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குள் வந்து சேர்ந்தனர். அவர்களுக்குக் கற்பிக்கப் போதிய குருமார் இல்லை. அந்நாட்டுக் கல்வி அலுவலகம் 1941 முதல் 1945 வரை 457 பயிற்சிப் படங்களைத் தயாரித்தது. உருக்கு அளவுகோலைப் படிப்பது தொடக்கம் கப்பலின் தகடுகளைப் பொருத்துவது வரை அவை கற்பித்தன. அசையும் படத்துடன் பெரும்பாலும் அசையாப் படச் சுருள் ஒன்றும், போதனாசிரியருக்கான கைந்நூல் ஒன்றும் சேர்த்தே அனுப்பப்பட்டன. சலனப்படம் வேலையின் ஓட்டத்தைக் காட்டும். அசையாப் படம் ஐயத்துக்குரிய இடத்திலே நின்று வினவ இடந்தரும். கைந்நூல் ஆசிரியருக்கு வழிகாட்டும். படம் ஆசிரியருக்குப் பதிலாக அன்றி, அவருக்குத் துணையாகவே வந்தது.

அதே காலத்திலே தொழிற்சாலைகளில் வேலைத் தலைவர்களுக்கு ஒரு நான்கு படிமுறை கற்பிக்கப்பட்டது. முதலில் கற்பவரை ஆயத்தஞ் செய்க; அடுத்து வேலையைச் செய்து காட்டுக; பின்னர் அவரையே செய்யவிட்டுப் பார்க்க; இறுதியில் அவ்வப்போது சென்று கவனிக்க. பதினாறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இத்திட்டத்தின்கீழ்ப் பயிற்சி பெற்றனர். இந்நான்கு படிகளில் படம் இடம்பெறக்கூடியது பெரும்பாலும் இரண்டாவது படியிலேயே என்பதைச் சிந்திப்போமாக.

நம் நாட்டிலும் சுதந்திரம் கிடைத்த 1948ஆம் ஆண்டிலேயே அரசாங்கத் திரைப்படப் பிரிவு தோன்றியது. 1934, 1935ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ எண்பதினாயிரம் உயிர்களைப் பலிகொண்ட நாடல்லவா இது? வரண்ட பிரதேசத்தில் அந்நோயை வென்ற கதையை 1954ஆம் ஆண்டிலே அப்பிரிவு ஆவணப்படமாக்கியது. அதனை இயக்கியவர், பிற்காலத்தில் உலகப் புகழெய்திய லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் ஆவர். எழுத்தறியாதாரும் கண்டு உணரத்தக்க கல்வி என்னும் நோக்கம் இங்கும் வேரூன்றியது.

போர் முடிந்தபின் அறிஞர்கள் படத்தையே பரிசோதிக்கத் தொடங்கினர். கார்ல் ஹோவ்லண்டும் துணைவரும், போர்வீரருக்குக் காட்டப்பட்ட படங்களை ஆராய்ந்து 1949இல் முடிபுகளை வெளியிட்டனர். படம் பார்த்தவர்கள் செய்திகளை நன்றாக அறிந்துகொண்டனர். ஆயின், போரிடும் ஊக்கமோ அதனால் வளரவில்லை. அறிவைப் படம் ஊட்டலாம், மனத்தை மாற்றுவது அத்துணை எளிதன்று என்பது தெளிவாயிற்று. கயிற்றில் முடிச்சிடக் கற்பிக்கும் படங்களைக் கொண்டு அதே ஆண்டளவில் நடந்த மற்றோர் ஆராய்ச்சி, எதிரே நின்று பார்ப்பவரின் கண்ணோட்டத்திலும் பார்க்க, முடிச்சிடுபவரின் கண்ணோட்டத்திற் பிடித்த படமே நன்கு கற்பிக்கின்றது எனக் காட்டியது. காரணம் வெளிப்படை. எதிரே நின்று காட்டினால் வலக்கை இடக்கையாய்த் தோன்றுமன்றோ?

இங்கே ஒரு பொய்யையும் களைதல் வேண்டும். மனிதர் படிப்பதில் பத்து வீதமும், கேட்பதில் இருபது வீதமும், பார்ப்பதில் முப்பது வீதமும் நினைவில் வைப்பர் என்று மேடைகளிலே அடிக்கடி சொல்லப்படுகின்றது. எட்கர் டேல் என்னும் கல்வியாளர் 1946இல் வெளியிட்ட கூம்பு வடிவப் படத்தை இதற்குச் சான்றாகக் காட்டுவர். டேல் தம் கூம்பிலே எந்த வீதத்தையும் குறிக்கவில்லை. அவ்வெண்கள் பின்னர் யாரோ ஒட்டியவை. ஆராய்ச்சியின் ஆதாரம் அவற்றுக்கு இல்லை. கண்ணாற் கண்டதும் பொய், காதாற் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்ற நம் முதுமொழி படத்துக்கும் பொருந்தும்.

படம் தவறினால் விளையும் கேட்டுக்கும் ஒரு சான்று சொல்வேன். 1986 ஜனவரி 28ஆம் நாள் அமெரிக்காவின் சலஞ்சர் விண்வெளி ஓடம் புறப்பட்டு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் சிதைந்தது, எழுவர் மாண்டனர். குளிரிலே இறப்பர் வளையங்கள் இறுகிச் செயலிழந்தமையே காரணம். முதல்நாளிரவு, 53 பாகை பரன்ஹைட்டுக்குக் குறைந்த வெப்பத்தில் ஏவலாகாது என்று பொறியியலாளர் தொலைபேசி வழியாக வாதாடினர். அவசரமாக வரைந்த அட்டவணைகளையும் அனுப்பினர். பின்னர் விசாரணைக்குழு எல்லாப் பயணங்களையும் ஒரே வரைபடத்திற் குறித்தபோது உண்மை பளிச்சிட்டது. 66 பாகையும் அதற்கு மேலுமான வெப்பத்தில் நிகழ்ந்த இருபது பயணங்களுள் மூன்றிலே மட்டும் வளையம் பழுதுற்றது. 63 பாகையும் அதற்குக் கீழுமான நான்கு பயணங்களிலோ நான்கிலும் பழுதுற்றது. பழுதுறாத பயணங்களையும் சேர்த்துக் காட்டும் இத்தகைய படம் அன்றிரவு எவர் முன்னும் இருக்கவில்லை. மேலதிகாரிகள் பொறியியலாளரின் எச்சரிக்கையைப் புறக்கணித்த பிழையைப் படத்தின்மேற் சுமத்த இயலாது. எனினும், தெளிந்த ஒரு படம் அந்த எச்சரிக்கைக்கு வலுவூட்டியிருக்கும் என்று எண்ணாதிருக்க முடியவில்லை.

நேயர்களே, அன்று அகிரிக்கோலா ஓவியருக்குப் பொருள் கொடுத்துப் பல ஆண்டுகள் காத்திருந்து பெற்றதை, இன்று கைத்தொலைபேசி வைத்திருக்கும் எவரும் ஒரு நிமிடத்திற் பெறலாம். ஆதலின் படம் எடுப்பது இன்று அருஞ்செயலன்று. பயன்படுமாறு எடுப்பதே அருஞ்செயல். வரலாறு நமக்குக் கூறும் அறிவுரை சிலவே. முதலில் முழு வேலையையும், பின் உறுப்புகளையும் காட்டுக. கற்பவர் நிற்கும் இடத்திலிருந்து காட்டுக. சொல்லையும் படத்தையும் இணைக்க, ஒன்றையொன்று மறைக்கவிடாதீர். நிகழாததையும் நிகழ்ந்ததையும் சேர்த்துக் காட்டுக. பார்த்தவரை உடனே செய்யவிடுக. செய்தபின் சென்று பார்க்க. அனைத்துக்கும் மேலாக, படம் பிடிக்கப்படுபவர் அது எதற்கென்று அறிந்திருத்தல் வேண்டும். தொழிலாளியைக் கண்காணிக்க மட்டும் எடுத்த படம் அச்சத்தை வளர்க்கும். அவரது அனுபவத்தைக் கேட்டு, அவரோடு கூடி எடுத்த படமோ அவர் கையறிவை அடுத்த தலைமுறைக்கு ஒப்படைக்கும்.

நாற்பது ஆண்டு பழகிய கைகள் நம் ஊர்களிலே இன்றும் பல உள. படகு கட்டுவோர், பாய் இழைப்போர், கம்மாலையில் இரும்பைக் காய்ச்சி அடிப்போர் ஆகியோரின் அறிவு எந்த நூலிலும் ஏறவில்லை. அக்கைகள் ஓயுமுன் அவற்றை ஒருமுறை ஊன்றிப் பார்த்துப் பதிவு செய்வது, அவர்களிடம் கற்ற நம் தலைமுறையின் கடன்.